இரண்டு நாள் தாமதம்

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சுருக்கென்று தைத்துவிட்டது. சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். "பால் கணக்கைப் பற்றி எழுதினீர்கள், சீட்டுக் கட்டுவதைப் பற்றி எழுதினீர்கள், நகை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினீர்கள். வக்கீல் ஆபீஸுக்குப் போகும் பெண்பிள்ளை எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாவது எழுதியதுண்டா? நாங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். அதற்கு அப்புறம் நடப்பது ஆண்டவனுக்கும் குமாஸ்தாவுக்கும்தான் வெளிச்சம்!"

உண்மைதானே? கால் கிலோ கத்தரிக்காய் வாங்க நாற்பது கேள்வி கேட்கிறோம். டாக்டரிடம் போனால், "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் குடியிருக்கும் வீடும், பிறந்த வீட்டுப் பங்கும், பிள்ளைகளின் எதிர்காலமும் அடங்கிய காகிதக் கட்டை ஒருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் நமக்கு வாய் அடைத்துப் போகிறது. அந்தக் கட்டை அவர் எங்கே வைப்பார், நாளை யார் குறித்துக்கொள்வார், பணத்துக்குக் கணக்கு உண்டா என்று கேட்கக் கூச்சம். "பெரிய மனிதரைச் சந்தேகப்படலாமா?" என்று ஒரு தயக்கம்.

இந்தக் கூச்சத்தின் விலை என்ன என்பதை எங்கள் குடும்பம் நன்றாக அறியும். என் பிறந்த ஊர் திருவண்ணாமலை. நான் சிறுமியாக இருந்த 1970களில் அது வடஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லாக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். என் பாட்டிக்கு ஊருக்கு வெளியே கிணற்றோடு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் கிணற்றில் பாதி தனக்கு என்று தாவாப் போட்டார். பாட்டியும் ஒரு வக்கீலை வைத்தாள். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் வழக்கு நாளெல்லாம் அவருடைய மனசிலும், மேஜை இழுப்பிலிருந்த துண்டுக் காகிதங்களிலும்தான் இருந்தன. ஒருநாள் அவர் திடீரென்று காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்க ஊரே போயிற்று, பாட்டியும் போனாள். "என் கேஸ் என்ன ஆயிற்று?" என்று சாவு வீட்டில் கேட்க முடியுமா? அவளும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. வாய்தா வந்தது, போயிற்று. பாட்டியின் பக்கம் யாரும் ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. கோர்ட்டு அமீனா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அந்த மாதிரித் தீர்ப்பை ரத்துச் செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள் கெடு. அது எப்போதோ கடந்துவிட்டது. பாட்டி சாகும்வரை அந்தக் கிணற்றைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "வக்கீல் நல்லவர்தான், அவர் ஆபீஸ்தான் நல்லதில்லை" என்பாள். அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. மனிதர் நல்லவராக இருப்பது வேறு, அவர் ஆபீஸ் ஒழுங்காக இருப்பது வேறு என்பதை இத்தனை வயசுக்கு அப்புறம் என் அக்கா மகள்தான் எனக்குப் புரிய வைத்தாள்.

அவள் திருவண்ணாமலையிலேயே வக்கீலாக இருக்கிறாள். வேங்கிக்கால் பக்கம் மாடியில் இரண்டு அறை. அவளும், ஒரு ஜூனியர் பெண்ணும், முப்பது வருஷம் கோர்ட்டு வாசல் கண்ட ஒரு குமாஸ்தா ஐயாவுமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். 2023ஆம் வருஷம் தீபத்துக்கு நான் போயிருந்தேன். அந்த வருஷம் மகாதீபம் நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. 2,668 அடி மலை உச்சியில் ஜோதி தெரிய, பல லட்சம் ஜனங்கள் "அரோகரா!" என்று ஒரே குரலாக எழுப்பும் சப்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த வாரம் முழுவதும் ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதே ஒரு யாத்திரை!

30ஆம் தேதி சாயங்காலம் அவள் ஆபீஸில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு மேல்முறையீட்டுக் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு நகலைத் திருப்பி, பின்பக்கம் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, இந்தக் கேஸுக்குக் கெடு என்றைக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"டிசம்பர் 4 அம்மா. இன்னும் நாலு நாள் இருக்குதே!"

"இல்லை ஐயா. நேற்று முன்தினமே முடிந்துவிட்டது."

விஷயம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு அக்டோபர் 16. அதன்மேல் அடுத்த கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்ய 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி 30 நாள். ஹைகோர்ட்டுக்குப் போவதானால் 90 நாள். தீர்ப்பு நகல் எடுக்க ஆகும் நாட்களை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 20ஆம் தேதி நகலுக்கு மனுப் போட்டார்கள். நவம்பர் 1ஆம் தேதி நகல் தயார். தீப வேலையில் குமாஸ்தா ஐயா 6ஆம் தேதிதான் போய் வாங்கி வந்தார். அவர் வாங்கிய நாள்வரை கழித்துக்கொண்டு டைரியில் கெடுவை எழுதிவிட்டார். ஆனால் சட்டம் கழித்துக்கொள்ளச் சொல்வது நகல் தயாரான நாள் வரைக்கும்தான். தயாராகி மேஜையில் தூங்கிய 5 நாள் நம் கணக்கில்தான் சேரும். ஆகவே கெடு நவம்பர் 28ஆம் தேதியோடு முடிந்தது. தாமதம் இரண்டு நாள்.

இரண்டு நாள்தானே என்கிறீர்களா? ரயில் இரண்டு நிமிஷம் முன்னால் போய்விட்டாலும் போனது போனதுதானே!

அந்த வழக்குக்காரி போளூர்ப் பக்கத்து கிராமத்தைச் சேர்ந்தவள். புருஷன் இல்லை. தையல் மெஷின் மிதித்து இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் சொச்சம் மானாவாரி நிலத்தில் அண்ணன்மார் அவளுக்குப் பங்கில்லை என்றார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்தது. அந்த வருஷம்தான் திருவண்ணாமலையும் தனி மாவட்டமாயிற்று. அதில், முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு இல்லை என்று ஒரு முடிச்சு இருந்தது. 2005ஆம் வருஷத்து மத்திய சட்டம் அந்த முடிச்சையும் அவிழ்த்தது. சட்டம் எல்லாம் சரி, ஆனால் நாள் தப்பினால் சட்டம் புஸ்தகத்திலேயே இருக்கும்!

குமாஸ்தா ஐயா ஆடிப்போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுப் போட்டுடலாம். அந்த அம்மாவுக்கு மஞ்சள் காமாலைன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டா போச்சு. எல்லாரும் செய்யறதுதானே?" என்றார்.

நேயர்களே, இந்த மஞ்சள் காமாலையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரிகளில் இருப்பதைவிடக் கோர்ட்டு மனுக்களில்தான் இந்த வியாதி அதிகம் என்று வக்கீல்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அந்தக் காலவரம்புச் சட்டத்தின் 5வது பிரிவு இடம் தருகிறது. காரணம் கிடைக்காதவர்கள் காமாலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

என் அக்கா மகள் தலையை ஆட்டினாள். "ஐயா, சத்தியம் செய்து கையெழுத்துப் போடப் போவது அவள். பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கிறது. தப்புச் செய்தது நம் ஆபீஸ். அதற்கு அவளைப் பொய் சொல்ல வைப்பதா? தெரியாமல் நாள் தப்பியது ஒரு தப்பு. இதைச் செய்தால் தெரிந்தே இன்னொரு தப்பு."

"சொன்னால் அவள் வேறு வக்கீலிடம் போய்விடுவாளே? ஊரெல்லாம் பேசுமே?" என்று நான் கேட்டேன். சித்தி என்ற முறையில் எனக்குத்தான் அவளைவிடப் பயம்.

"போகட்டும் சித்தி. அது அவள் உரிமை" என்றாள். அன்று ராத்திரியே போன் செய்து அவளை மறுநாள் வரச் சொன்னாள்.

அவள் வந்தாள். நானும் இருந்தேன். என் அக்கா மகள் சுற்றி வளைக்காமல், தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி, "எங்கள் ஆபீஸ் கணக்கில் தப்பு நடந்துவிட்டது. இரண்டு நாள் தாமதம். நடந்ததை நடந்தபடி எழுதி நானே சத்தியம் செய்து மனுக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கோர்ட்டு மன்னிக்கும், ஆனால் நிச்சயம் என்று நான் சொல்ல முடியாது. இதற்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். வேறு வக்கீலிடம் போக விரும்பினால் கட்டை இப்போதே தருகிறேன்" என்றாள்.

கதைகளில் என்றால் இந்த இடத்தில் அந்த அம்மாள் கண்ணீர் விட்டு, "நீதான் என் தெய்வம்" என்று சொல்லியிருப்பாள். நடந்தது அப்படியில்லை. அவளுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "இன்னாம்மா இது! மூணு பஸ் மாறி மாறி வந்து உங்கிட்டக் குடுத்தேனே! என் பொண்ணுங்க சோறு இதில் இருக்குது. நாலு நாளு எண்ணத் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். அதில் ஒரு வார்த்தைக்கூட அநியாயம் இல்லை. கட்டைக் கேட்டாள். என் அக்கா மகள் ஒவ்வொரு காகிதமாக எண்ணிக் கொடுத்து, வக்கீல் மாறுவதில் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவள் கொடுத்த பணத்துக்கு வரவு செலவு எழுதிய தாளையும், செலவு போக மிச்சத்தையும் கையில் கொடுத்தாள். புது வக்கீலிடம் சேர்க்கச் சொல்லி, தப்பு எங்களுடையது என்ற தன் பிரமாண வாக்குமூலத்தையும் இரண்டு நாளில் அனுப்பி வைத்தாள்.

வக்கீல் ஆபீஸுக்குப் போகும் பெண் கேட்க வேண்டியது என்ன என்று கேட்டாரே சேலத்துச் சகோதரி, பதில் இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நாள். "என் கேஸுக்கு அடுத்த வாய்தா என்றைக்கு, கெடு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, நம் காலண்டரிலும் குறித்துக்கொள்ள வேண்டும். சம்மன் வந்தால் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட்டு காரணம் பார்த்து அதிகப்படுத்தினால் 90 நாள் வரை. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 3 வருஷம். கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், பாங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும். இவற்றை வக்கீல் அறிவார். ஆனால் நமக்கும் தெரிந்திருந்தால் பால் பொங்கும்முன் அடுப்படியில் நின்றது போல. இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள எண் கொடுக்கிறார்கள். சி.என்.ஆர். எண் என்று பெயர். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டால், கோர்ட்டுகளின் செயலியில் கைப்பேசியிலேயே வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். பாட்டி காலத்தில் இது இருந்திருந்தால் கிணறு போயிருக்காது!

இரண்டாவது, பணம். வக்கீலிடம் நாம் கொடுப்பதில் அவர் பீஸ் வேறு, கோர்ட்டுச் செலவு வேறு. நம் பணத்துக்கு எப்போது வந்தது, எதற்குச் செலவாயிற்று, பீஸுக்கு எவ்வளவு எடுத்தார் என்று தேதிவாரியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்பது 1975இல் அகில இந்திய பார் கவுன்சில் வகுத்த விதி. நாம் கேட்டால் நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொண்டு கணக்கின் நகலைத் தரவேண்டும் என்பதும் விதி. ஆகவே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "ஜெயித்தால் சொத்தில் கால் பங்கு எனக்கு" என்று எந்த வக்கீலாவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பது நம் நாட்டில் தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம். 1954லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லிவிட்டது.

மூன்றாவது, யார் சொல்படி? பெண்கள் விஷயத்தில் இதுதான் மிக முக்கியம். மைத்துனர் அழைத்துப் போவார், பேசுவார், பணம் கொடுப்பார். கையெழுத்து மட்டும் நாம். வக்கீல் தம் கட்சிக்காரர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் சொல்படி மட்டுமே நடக்க வேண்டும் என்பது விதி. துணைக்கு வருவது வேறு, நமக்குப் பதிலாகத் தீர்மானம் செய்வது வேறு. என் அக்கா மகள், கூட வந்தவர்களைப் பத்து நிமிஷமாவது வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசிய பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவாள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது அங்கே கிடையாது. எங்கேயும் நீங்கள் போடாதீர்கள்.

நான்காவது, எதிர்க்கட்சியோடு உறவு. நம்மைப் போன்ற ஊரில் யாருக்கு யார் சம்பந்தி என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். நாளைக்கு எதிரியாக வரப்போகிறவருக்குப் போன வருஷம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரே நம் வக்கீலாக இருந்தால்? எதிர்க்கட்சியோடு தமக்குள்ள தொடர்பை ஆரம்பத்திலேயே நம்மிடம் சொல்லிவிட வேண்டியது வக்கீலின் கடமை. ஒரு விவகாரத்தில் ஒரு கட்சிக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்க்கட்சிக்கு ஆஜராகக் கூடாது. இதற்காகவே என் அக்கா மகள் ஒரு பெயர்ப் புஸ்தகம் வைத்திருக்கிறாள். புதிதாக யார் வந்தாலும், இரண்டு தரப்புப் பெயர்களையும் ஊர்களையும் அதில் பார்த்த பின்னரே கட்டைப் பிரிப்பாள். ஐந்து நிமிஷ வேலை, ஐந்து வருஷத் தலைவலி மிச்சம்.

ஐந்தாவது, ரகசியம். வக்கீலிடம் நாம் சொல்வதை நம் சம்மதமில்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதுச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. குமாஸ்தாவையும் ஆபீஸ் ஊழியர்களையும்கூட அது கட்டுப்படுத்தும். குற்றம் செய்ய உதவி கேட்டால் மட்டும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. சரி, வக்கீல் ரகசியம் காக்கிறார். நாம் காக்கிறோமா? பத்திரத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, "யாருக்கும் சொல்லாதீங்க" என்று எழுதுகிறவர்கள் நாம்தானே!

ஆறாவது, காகிதம். அசல் பத்திரம் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. வக்கீல் இல்லாதபோது நம் கட்டு யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். என் அக்கா மகளின் ஆபீஸில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. எந்த அலமாரி, எந்தத் தட்டு, அவளுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் யார் ஆஜராவது என்று. அதைப் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது.

இத்தனை காகித ஜாக்கிரதை எதற்கு என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். கோவணத்தைத் தவிர வேறு சொத்தில்லாத ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்குக்கூட 1930களில் நிர்வாகம் யாருக்கு என்று வழக்கு வந்தது. 1936இல் கோர்ட்டு கமிஷன் ஆசிரமத்துக்கே வந்து அவரிடம் வாக்குமூலம் வாங்கிற்று. பிற்பாடு தகராறு வரக்கூடாது என்று 1938இல் உயில் எழுதி முறைப்படி பதிவு செய்தார்கள். அவர் கையெழுத்துப் போடும் வழக்கமில்லாதவர். அதனால் ஒரு கோடு மட்டும் இழுத்தார். துறவிக்கே காகிதம் வேண்டியிருந்தது என்றால், சம்சாரிகளான நமக்கு?

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தேன். இங்கிலாந்தில் 2013 முதல் ஒவ்வொரு வக்கீல் நிறுவனமும், விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று கவனிக்க ஒருவரையும், கட்சிக்காரர் பணத்தைக் கவனிக்க ஒருவரையும் பொறுப்பாக நியமிக்க வேண்டும். தப்பு நடந்தால் நஷ்டஈடு கொடுக்க இன்ஷ்யூரன்ஸும் கட்டாயம். கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். நம் நாட்டில் இன்ஷ்யூரன்ஸ் கட்டாயமில்லை. இரண்டு அறை ஆபீஸில் தனித்தனி அதிகாரிக்கு எங்கே போவது? என் அக்கா மகள் சொல்கிறாள்: "எங்கள் ஆபீஸில் அந்த அதிகாரி ஒரு 200 பக்க நோட்டுத்தான் சித்தி!"

அந்த நோட்டில் இப்போது ஒரு புது வழக்கம் சேர்ந்திருக்கிறது. கெடுவை ஒருவர் கணக்கிட்டால் இன்னொருவர் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் டைரியில் ஏறும். டைரியிலும் உண்மையான கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாகவே சிவப்பு மையில் ஒரு நாள். தீபம், பொங்கல், கோடை விடுமுறை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு சரிபார்ப்பு. குமாஸ்தா ஐயாவைத் திட்டவில்லை, வேலையை விட்டு அனுப்பவுமில்லை. "திட்டினால் அடுத்த தப்பை மறைப்பார். மறைத்த தப்புத்தான் ஆபீஸை முழுக வைக்கும்" என்றாள். நம் வீட்டில் பிள்ளைகளிடமும் வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதை நாம் எத்தனை தரம் மறந்துவிடுகிறோம்!

வக்கீல் தப்புச் செய்தால் நமக்கு என்ன வழி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1981இல் சுப்ரீம் கோர்ட்டு, வக்கீல் ஆஜராகாத குற்றத்துக்காக ஒன்றுமறியாத கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்று சொல்லித் தள்ளுபடியான மேல்முறையீட்டை மறுபடி எடுக்கச் சொன்னது. ஆனால் 1993இல் அதே கோர்ட்டு, எல்லாப் பழியையும் வக்கீல்மேல் போட்டுவிட்டு எல்லோரும் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் எச்சரித்தது. ஆகவே நாமும் விழிப்பாக இருந்தோம் என்று காட்ட வேண்டும். 2024 மே மாதம் வந்த தீர்ப்பின்படி, வக்கீல்மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்குச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட 1926ஆம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது. நடத்தைக் கோளாறுக்கு 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். கண்டிப்பது முதல் பட்டியலிலிருந்து பெயரையே நீக்குவது வரை அதற்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்கவே வசதியில்லையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்யலாம்.

போளூர்க்காரி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? புது வக்கீல் அந்த வாக்குமூலத்தையும் வைத்து மனுப் போட்டார். கோர்ட்டு தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. நில வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவள் என் அக்கா மகளிடம் திரும்பி வரவில்லை. அது நியாயம்தான்.

ஆனால் மறு வருஷம் ஒரு பெண் கைக்குழந்தையோடு மாடிப்படி ஏறி வந்தாளாம், ஜீவனாம்ச வழக்குக்காக. "யார் அனுப்பினார்கள்?" என்று கேட்டிருக்கிறாள் என் அக்கா மகள்.

"எங்க அக்காதான். போளூர்ல தையக்காரங்க. 'அந்த வக்கீலம்மாவும் தப்புப் பண்ணும். ஆனா பண்ணினா மறைக்காது, அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடும். அங்கயே போ'ன்னு சொல்லிச்சு" என்றாளாம்.

குமாஸ்தா ஐயா அந்தப் பெண்ணின் வழக்கு நாளைக் குறித்துவிட்டு, ஜூனியர் பெண்ணைக் கூப்பிட்டு, "பாப்பா, நீயும் ஒரு தரம் எண்ணிப் பாரு" என்று நோட்டை நீட்டினாராம்.

சேலத்துச் சகோதரியே, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? இந்த வாரம் உங்கள் அலமாரியைத் திறந்து, எந்தப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மற்றவை அடுத்த வாரம்.